கடைசிப் பத்து நிமிடம்

திரையில் அந்தக் கணவன் அலமாரிக் கதவில் கை வைத்ததும், மனைவியின் பக்கத்து சீட்டிலிருந்து அவன் எழுந்துகொண்டான்.

"வண்டிய எடுத்துட்டு வந்துடறேன். அப்புறம் கூட்டமாயிடும்."

இது வழக்கம்தான். எந்தப் படத்துக்குப் போனாலும் கடைசிப் பத்து நிமிடம் அவனுக்குப் பார்க்கிங்கில்தான் ஓடும். இவர் கணக்கில் ஒரு வில்லன்கூட இன்னும் சாகவில்லை என்று மச்சான் எல்லோரிடமும் சொல்லிச் சிரிப்பான். திரும்பும் வழியில் பின்சீட்டில் உட்கார்ந்து முடிவைச் சொல்வது மனைவியின் வேலை.

இன்று அவள் அவன் சட்டையைப் பிடித்து இழுத்தாள்.

"இன்னைக்கு ஒரு நாள் இருங்களேன்."

ஆபீஸ் தோழி சொல்லி, அவளே டிக்கெட் எடுத்த படம். குழந்தையைப் பறிகொடுத்த ஒரு தம்பதியின் கதை.

இவர்கள் மகள் போயும் இரண்டு வருடம் ஆகிறது. அதன்பிறகு அவன் வாயில் அந்தப் பெயர் வந்ததே இல்லை. அவள் பேச்செடுத்தால் தண்ணீர் மோட்டார் போட எழுந்து போய்விடுவான். தன்னால் சொல்ல வைக்க முடியாததைப் படமாவது சொல்ல வைக்கட்டும் என்றுதான் கூட்டிவந்திருந்தாள்.

சட்டையை விடுவித்துக்கொண்டு வெளியே வந்தான். மதிய வெயிலில் சீட் கொதித்தது. நெருக்கியடித்து நின்ற வண்டிகளை நகர்த்தி, முதல் ஆளாக வாசலுக்கு வந்து நின்றான்.

படம் முடிந்து ஜனம் வெளியே வந்தது. யாரும் சத்தமாகப் பேசவில்லை. அவள் கடைசியாக வந்தாள். மூக்கு சிவந்திருந்தது.

"கடைசியில அவன் கொழந்தை பேரச் சொல்லி அழுதுட்டான்" என்று சொல்லிவிட்டு அவன் முகத்தையே பார்த்தாள்.

"இதுக்கா இவ்வளவு நேரம் இழுத்தான்? எனக்கு ஒண்ணும் புரியல."

சொன்ன மாத்திரத்தில் உடம்பெல்லாம் கூசியது. சட்டென்று ஹெல்மெட்டை மாட்டிக்கொண்டான்.

அவள் ஏறி உட்கார்ந்தாள். தோளில் கை வைக்கவில்லை. இந்த மனுஷனுக்கு எதுவுமே மண்டையில் ஏறாது என்று நினைத்திருப்பாள். நினைத்தால் நினைத்துக்கொள்ளட்டும் என்று பேசாமல் வண்டியை ஓட்டினானே, அதுதான் கேவலம்.

படத்தில் அந்தக் கணவன் திறக்கப்போன அலமாரிக்குள் என்ன இருக்கிறது என்று அவனுக்குத் தெரியும். அவள் டிக்கெட் எடுத்த மறுநாளே அரை நாள் லீவு போட்டுவிட்டு, இதே தியேட்டரில் தனியாக உட்கார்ந்து, முழுப் படத்தையும் பார்த்திருந்தான். விளக்கு போட்ட பிறகும் எழுந்திருக்க முடியவில்லை. பெருக்க வந்த பெண் துடைப்பத்தைக் கீழே போட்டுவிட்டு, யாரை நினைத்து அழுகிறீர்கள் என்று கேட்டாள்.

முன்பின் தெரியாத அந்தப் பெண்ணிடம், மகளின் பெயரை நாலைந்து தரம் சொன்னான்.