புல்லட்டும் பட்டுப்புடவையும்

மணப்பட்டிலிருந்து வில்லியனூருக்கு வீடு மாற்றினார்கள். சாமான்கள் நேற்றே போய்விட்டன. புல்லட்டும் அர்ச்சனாவின் டிரங்குப் பெட்டியும்தான் பாக்கி. கணவன் கலைவேந்தன் புல்லட்டை டிராக்டர் டிரெய்லரில் ஏற்றிக் கட்டிக்கொண்டிருந்தான்.

"மாலிக், ஹேண்டில அழுத்திப் புடிப்பா. ஷாக் அப்சார்பர் நல்லா எறங்குனப்புறம் பெல்ட்ட இழு."

நாலு பக்கமும் பெல்ட் போட்டாயிற்று. பெல்ட் உரசும் இடத்தில் வைக்க, கலைவேந்தன் பெட்டியைத் திறந்து ஒரு பட்டுப்புடவையை உருவினான்.

"அது முகூர்த்தப் புடவைங்க," என்றாள் அர்ச்சனா.

"சும்மாதானே கெடக்குது. பெயின்ட்டுல கோடு விழுந்தா உங்கப்பனா வந்து புதுசு வாங்கித் தருவான்?"

திறந்து கிடந்த பெட்டியை அவள் மூடினாள்.

"கட்டியாச்சுணா. பள்ளத்துல எறங்குனாலும் ஆடாது," என்றான் டிராக்டர் ஓட்டும் மாலிக்.

கலைவேந்தன் வீட்டுக்காரரிடம் சாவி கொடுத்துவிட்டு வந்தான். அர்ச்சனா டிராக்டரில் ஏறி உட்கார்ந்திருந்தாள்.

"கரியமாணிக்கத்துக்குப் போ தம்பி," என்றாள் மாலிக்கிடம்.

"இன்னாடி, அது உங்கப்பா வூடாச்சே?"

"ஆமா. அவரு எனக்கு வாங்கிக் குடுத்த வண்டி, ஆர்சி புக்கும் என் பேர்லதான் இருக்குது. கோடு விழாம அவர்கிட்டயே சேத்துடறேன். வில்லியனூருக்கு ஒம்பதரைக்கு ஒரு பஸ் இருக்குது, நீ அதுல போ."