நின்று சமைக்கும் அடுப்பு

“இது நின்னு வைக்கற அடுப்பாக்கும், அம்மா” என்றான் கொத்தன் தங்கப்பன். “இப்போ படிச்ச பெண்ணுங்க ஆரும் குந்தியிருந்து சமைக்கில்லல்லோ.”

சிவகாமியம்மாள் வாசல் நிலையில் ஒரு கையும் முழங்காலில் ஒரு கையுமாக மெல்ல உட்கார்ந்தாள். வடிவீஸ்வரத்திலிருந்து காலை பஸ்ஸில் வந்திருந்தாள். எதிரே, சமையலறைச் சுவரோரம், புதுச் செங்கல்லில் இரண்டு அடுப்புகள் அக்கம்பக்கமாக நின்றன. நடுவில் ஒரு சாண் இடைவெளி. ஒன்று வழக்கம்போலத் தரையோடு இருந்தது. மற்றது இடுப்புயரம்.

மாப்பிள்ளை போட்டிருந்த கார்டில் இரண்டே வரி. ‘ஒரு காரியம் பேச வேண்டியிருக்கிறது. சனிக்கிழமை வரவும்.’ பி.ஏ. படித்து ஹஜூர் கச்சேரி என்ற சர்க்கார் ஆபீஸில் குமாஸ்தாவாக இருப்பவர். மூன்றாவது வரிக்குப் பஞ்சம்.

மகள் சரோஜம் இறந்துபோய் எட்டு மாதம் ஆகிறது. என்ன காரியம் என்று பஸ்ஸிலேயே ஊகித்துவிட்டாள். சாவி வைத்திருந்த பக்கத்து வீட்டுச் சூடாமணி கதவைத் திறந்துவிடும்போது மிச்சத்தையும் சொல்லிவிட்டாள்.

“தனி ஆளுக்கு ரெண்டு அடுப்பு என்னத்துக்கு மாமி? எட்டு மாசமா இருந்த ஒண்ணுலயே பூனைதான் தூங்கித்து. பழசு மாதிரி ஒண்ணு, வரப்போறவளுக்கு ஒசரமா ஒண்ணோ என்னமோ.”

பெண் கொல்லத்துக்காரி, இன்டர்மீடியட் பாஸ் என்று இந்த ஸ்ரீவராகம் முழுக்கப் பேச்சாம். சூடாமணி ஒரு டம்ளர் மோர் கொண்டுவரட்டுமா என்று கேட்டாள். சிவகாமியம்மாள் வேண்டாம் என்றாள். கொண்டுவந்த கூஜாவிலிருந்து இரண்டு வாய் தண்ணீர் குடித்தாள்.

மூன்று வருஷத்தில் இந்த வீட்டுக்கு அவள் எத்தனையோ முறை வந்திருக்கிறாள். கை நனைத்ததில்லை. பேரனோ பேத்தியோ பிறக்கும்வரை பெண்ணைக் கொடுத்த வீட்டில் சாப்பிடுவதில்லை என்பது அவர்கள் வழக்கம். பிறக்கவில்லை. இனிமேலும் பிறக்கப்போவதில்லை.

நாலு மணி பஸ்ஸைப் பிடித்துவிட வேண்டும் என்று நினைத்துக்கொண்டாள். அவள் ஒண்டியிருக்கும் தம்பி வீட்டில் யாரும் அவளைத் தேடப்போவதில்லை. எல்லோரும் சாப்பிட்டு எழுந்தபின் அவளுக்கு இலை போடுவார்கள். அங்கிருந்து புறப்பட்டு வர, ‘பெண் இருந்த வீடு’ என்று ஒரு வாசல் இதுவரை இருந்தது. புதிதாக ஒருத்தி வந்துவிட்டால் அந்த வாசலில் எந்த முறை சொல்லி வந்து நிற்பது? அழக்கூடாது, ஆசீர்வாதம் பண்ணிவிட்டுப் போய்விட வேண்டும்.

இரண்டு மணிக்கு மாப்பிள்ளை சேஷன் வந்தான். குடையை மூலையில் சாத்திவிட்டுச் சமையலறை வாசலில் வந்து நின்றான். இளைத்திருந்தான். கோட்டுக்குள் ஆள் இருக்கிற மாதிரியே இல்லை.

வழக்கமாக அவள் கதவுக்குப் பின்னால் ஒதுங்கிக்கொள்வாள். கேட்க வேண்டியதைச் சரோஜத்திடம் கேட்பாள். சரோஜம் அவனிடம் கேட்டுச் சொல்வாள். இப்போது நடுவில் ஆள் இல்லை. சிவகாமியம்மாள் முகத்தை அடுப்புகள் பக்கம் திருப்பி வைத்துக்கொண்டு பேசினாள்.

“முகூர்த்தம் எப்போ?”

“என்ன முகூர்த்தம்?”

“மறைக்க வேண்டாம். முப்பது வயசுகூட ஆகலை. நான் குறுக்கே நிக்க மாட்டேன். நன்னா இருக்கணும், அவ்வளவுதான்.”

சேஷன் கொத்தன் பக்கம் திரும்பினான். தங்கப்பனைக் கொஞ்சம் கொல்லைப்பக்கம் இருக்கச் சொன்னான். கொத்துக்கரண்டியைக் கீழே வைக்கும் சத்தமும் காலடிச் சத்தமும் அடங்கும்வரை காத்திருந்தான்.

“முகூர்த்தம் ஒண்ணும் இல்லே. அந்த ஒசந்த அடுப்பு உங்களுக்கு.”

அவள் திரும்பினாள். அவன் முகத்தை நேருக்கு நேர் பார்த்தது அதுதான் முதல் தடவை.

அவன் கச்சேரிக் காகிதம் படிப்பதுபோல ஒவ்வொன்றாகச் சொன்னான். அரிசி தனி, விறகு தனி. கிணற்றுக்கும் வேறு கயிறு, வேறு குடம். அவன் பானையிலிருந்து ஒரு பருக்கைகூட அவளுக்கு வராது. அவன் ஒரு அடுப்பில் பொங்கிக்கொள்வான், அவள் இங்கேயே இருந்து ஒரு அடுப்பில் பொங்கிக்கொள்ளலாம். ஒரே கூரை என்பதைத் தவிர வழக்கத்துக்கு ஒரு பங்கமும் இல்லை. கோட்டைக்குள் ஒரு சாஸ்திரிகளிடமும் கேட்டுவிட்டான்.

 பிறகு, காகிதத்தில் இல்லாததையும் சொன்னான்.

“சாயங்காலம் நானே பூட்டைத் திறந்துண்டு உள்ளே வரணும். அதுதான் முடியலை.”

கொல்லையில் தங்கப்பன் கை கழுவும் சத்தம் கேட்டது. சிவகாமியம்மாள் இரண்டு அடுப்புகளையும் பார்த்துக்கொண்டிருந்தாள். சாந்து இன்னும் காயவில்லை. காய்ந்தபின் அங்கே ஒரு ஆழாக்கும் இங்கே ஒரு ஆழாக்குமாக உலை கொதிக்கும். சத்திரத்தில் தங்க வந்த இரண்டு பேரைப்போல, ஆளுக்கொரு மூலையில் இலை போட்டுக்கொண்டு உட்கார வேண்டியதுதான்.

அவள் நிலையைப் பிடித்துக்கொண்டு எழுந்தாள். உயர்ந்த அடுப்பின் முன்னால் போய் நின்று, அதன் விளிம்பில் கையை வைத்துப் பார்த்தாள்.

“மாப்பிள்ளை ஆத்துலதானே சாப்பிடப்படாது?” என்றாள். “அந்தக் குட்டை அடுப்பை இடிக்கச் சொல்லுடா, சேஷா.”