நாற்பத்தொன்றாம் எண் விமானம்

இன்னும் கொஞ்சம் கிட்ட வாங்க, கண்ணுகளா. கையைத் தூக்காத ஒரு மனுஷனின் கதை சொல்கிறேன்.

பராஸ்கா கணவனின் விலாவில் மறுபடியும் இடித்தாள்.

“யோவ், கையைத் தூக்குய்யா.”

ஒனுஃப்ரியின் வலது கை கோட்டுப் பையை விட்டு வெளியே வரவில்லை.

ஜெர்மனியோடு நடந்த சண்டை முடிந்து ஒரு வருஷம். கனடாவின் சஸ்காச்சுவான் சமவெளியில் கோதுமை அறுத்து முடித்த கையோடு, பட்டாளத்துப் பயிற்சித் தளத்து விமானங்களை ஏலம் விட்டார்கள். பன்னிரண்டும் மஞ்சள். எங்கள் ஆட்கள் பறப்பதற்கா வாங்கினார்கள்? டாங்கில் மிச்சமிருந்த பெட்ரோலுக்கு. சக்கரத்துக்கு. போல்ட்டு நட்டுக்கு. மிஞ்சும் வெறும் கூடு கோழிகளை அடைக்க.

பராஸ்காவுக்கு வேண்டியது நாற்பத்தொன்று என்று எண் போட்ட விமானம் மட்டும். அவள் மகன் மிரோன் பறக்கப் பழகியது அதில்தான். அவன் சிரிக்கும் ஒரே போட்டோ அதன் இறக்கைக்குக் கீழே நின்று எடுத்தது. ஜெர்மனிக்கு மேலே பறக்கப் போனவன் திரும்பவில்லை. புதைக்க ஒரு பித்தான்கூட வரவில்லை.

பிள்ளையைப் பறிகொடுத்த வீட்டார் ஒரு பொருளைக் கேட்டு நின்றால், மற்றவர்கள் போட்டிக்குப் போவதில்லை. அது எங்கள் பக்கத்து வழக்கம். அன்றைக்கும் ஊரே கையைக் கட்டிக்கொண்டு நின்றது.

பராஸ்கா தன் கையையே தூக்கினாள்.

“உன் கை கணக்குல வராதும்மா. வீட்டுக்காரரத் தூக்கச் சொல்லு,” என்றார் ஏலக்காரர். “ஐயா ஒனுஃப்ரி, மூணாந்தரம் கூவப் போறேன். கை என்ன பைக்குள்ள குளிர் காயுதா?”

யாரோ சிரித்தார்கள்.

மூன்றாம் தரமும் கூவியாயிற்று. அதற்கு மேல் யாரும் காத்திருக்க முடியாது. பக்கத்துப் பண்ணை தனிலோ தலையைக் குனிந்தபடி கையைத் தூக்கினான். வண்டியில் ஏற்றத் தோதாக அங்கேயே இறக்கையைக் கோடரியால் வெட்டினான்.

ஒவ்வொரு வெட்டும் பராஸ்காவின் பல்லில் விழுந்தது.

திரும்பும் வழி முழுக்க அவள் ஓயவில்லை. கல்நெஞ்சன் என்றாள். கஞ்சன் என்றாள். பெத்த பிள்ளையைக் கோழிக்குப் போட்டவன் என்றாள். “அந்தக் கை என்ன, முறிஞ்சா போச்சு?”

ஒனுஃப்ரி குதிரை வண்டியை நிறுத்தினான். வலது கையை எடுத்து அவள் மடியில் வைத்தான்.

“தூக்கத்தான் பாத்தேன். வரல பராஸ்கா.”

அவள் அந்தக் கையைப் பார்த்தாள்.

ஒனுஃப்ரிக்கு எழுத்துத் தெரியாது. மிரோனுக்குப் பதினெட்டு முடிந்துவிட்டது என்று பட்டாளத்துக்குக் கொடுத்த தாளில் அப்பன் கையெழுத்து வேண்டியிருந்தது. மாட்டேன் என்று மூன்று நாள் மறுத்த புருஷனை அடுப்படியில் உட்காரவைத்து, இதே கையைப் பிடித்து எழுத வைத்தவள் அவள்தான்.

மிரோனுக்கு அப்போது பதினாறு.

உங்கள் வீட்டுப் பிள்ளைகள், கண்ணுகளா, அந்தந்த வயதை அந்தந்த வயதில் வாழட்டும். உங்கள் அடுப்படி நிறைந்திருக்கட்டும்.