திறக்காத லேப்டாப்

டாக்குரியா ஸ்டேஷனை லோக்கல் ரயில் கடக்கும்போதெல்லாம் பக்கத்திலிருந்த ரிப்பேர் கடையின் கண்ணாடி மெல்ல அதிர்ந்தது. மறைந்த கணவர் எங்கோ முணுமுணுத்துப் பாடுவது போலிருந்தது வசுமதிக்கு. அவர் பாடிப் பதிவு செய்ததெல்லாம் செத்துக்கிடக்கும் இந்த லேப்டாப்புக்குள்தான் இருக்கிறது.

"நாலு கடை ஏறி இறங்கிட்டேன். திறந்தா உடைஞ்சிடும்னு கையை விரிச்சுட்டாங்க."

"பசை போட்டு ஒட்டினது, அக்கா," என்றார் மெக்கானிக் வேலாயுதம். "ரிப்பேர் பண்ண முடியலைன்னா ஜனங்க புதுசு வாங்குவாங்கன்னு கம்பெனி கணக்குப் போட்டுச்சு. ஜனங்க வேற கம்பெனிக்குப் போயிட்டாங்க. இத்தனைக்கும் அருமையான மெஷின். கடைசியில கம்பெனியையே மூடியாச்சு."



அவர் லேப்டாப்பின் அடியிலிருந்த ரப்பர் குமிழைப் பிடுங்கினார். உள்ளே ஒரே ஒரு ஸ்க்ரூ. அதைத் திருகியதும், தூக்கத்தில் யாரோ புரண்டு படுப்பது போல மூடி மெதுவாக விலகியது.

"இங்கே ஸ்க்ரூ இருக்குன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?"

"டிசைன் பண்ணினவனே நான்தானே. ஒரு ஸ்க்ரூகூட இருக்கக் கூடாதுன்னு கம்பெனி முதலாளியா நீங்க கையெழுத்துப் போட்ட அன்னிக்குத்தான் இதை ஒளிச்சு வெச்சேன், மேடம்."