பேர் எழுதாத பெருநாள் அட்டை

சுகரா பேகம் தன் வருங்கால மருமகளைக் கண்டுபிடித்துவிட்டாள். பெண்ணின் முகத்தைப் பார்க்கவில்லை, பேர்கூடத் தெரியாது. கையில் இருந்தது அவள் செய்த பெருநாள் வாழ்த்து அட்டை ஒன்றுதான்.

நோன்பு மாதம் வந்தால் ஆம்பூரில் தோல் மண்டி வைத்திருக்கும் வீட்டுப் பெண்களுக்கு இதுதான் வேலை. பம்பாயில் அச்சடித்து ரயிலில் வந்திறங்கும் அட்டையை வாங்கி அனுப்புவது சோம்பேறிகளின் காரியம் என்று சுகரா தீர்ப்புச் சொல்லியிருந்தாள். அதனால் காகிதமும் ஜிகினாவும் மைதாப் பசையுமாக உட்கார்ந்து எல்லோரும் கையாலேயே செய்வார்கள். வளையல்காரி கோவிந்தம்மாள் வீடு வீடாகப் போய் அட்டைகளைக் கூடையில் வாங்கி வந்து சுகரா வீட்டுக் கூடத்தில் வைப்பாள். மறுநாள் பெண்கள் கூடிப் பார்த்து, ஒருவருக்கொருவர் கொடுத்து எடுத்துக்கொள்வார்கள்.

அட்டையில் பேர் எழுதக் கூடாது என்பது சுகராவின் சட்டம். பாரபட்சம் வந்துவிடக் கூடாதாம். பசை வழிந்திருப்பதைப் பார்த்தே அது யார் கைவேலை என்று சொல்லிவிடுவாள், சொல்லி மானத்தையும் வாங்கிவிடுவாள். போன வருஷம் மஹ்பூபி ஒட்டிய பிறையைக் கடித்து வைத்த வாழைப்பழம் என்றாள். மஹ்பூபி இரண்டு மாதம் அந்தத் தெருப் பக்கமே வரவில்லை.

இந்த வருஷம் கூடைக்குள் ஒரு அட்டை இருந்தது. ஆட்டுத்தோலை வெங்காயச் சருகு போலச் சீவி, மினாரும் பிறையும் ஜன்னல் ஜன்னலாக வெட்டிச் சிவப்புத் தாளில் ஒட்டியிருந்தது. வெளிச்சத்தில் தூக்கிப் பிடித்தால் பள்ளிவாசல் முழுக்க விளக்கு ஏற்றியிருப்பது போலத் தெரிந்தது. சுகராவுக்குக் குறை சொல்ல வாய் வரவில்லை, அது அவளுக்கே புது அனுபவம்.

"இத செஞ்ச பொண்ணுதான் எங்க நயீமுக்கு," என்று அத்தனை பேர் முன்னாலும் சொல்லிவிட்டாள். நயீம் அகமது அவளுடைய ஒரே பிள்ளை, பட்டணத்தில் படித்துவிட்டு வந்தவன். அட்டையைப் பார்ப்பதைவிடப் பெண்ணைப் பார்ப்பது நல்லது என்று அவன் பிறகு மெல்லச் சொல்லிப் பார்த்தான். முகம் வாடிவிடும், கைவேலை வாடாது என்று அம்மா அவன் வாயை அடைத்துவிட்டாள்.

அறிவிப்பு வந்ததும் கூடத்தில் எல்லோருக்கும் ஞாபகசக்தி பெருகியது. அது தன் மகள் செய்தது என்று நசீமுன்னிசா சொன்னாள். தன் மகள் கண் விழித்துச் செய்தது என்று மஹ்பூபி சொன்னாள். அன்வரி பேகத்துக்கு இரண்டு பெண்கள். இருவரும் சேர்ந்துதான் செய்தார்கள், எந்தப் பெண் வேண்டுமோ எடுத்துக்கொள்ளலாம் என்று அவள் தாராளம் காட்டினாள்.

கோவிந்தம்மாளைக் கேட்டால், மூடிக் கொடுத்ததை மூடியபடி கொண்டுவந்தேன், எனக்கு என்ன தெரியும் என்று கையை விரித்துவிட்டாள்.

நோன்பு திறந்த பிறகு சுகரா இதையெல்லாம் கணவரிடம் சொன்னாள். மக்பூல் அகமது ஊருக்குத்தான் பெரிய முதலாளி. மண்டியில் வேலையாட்களோடு வேலையாளாக உட்கார்ந்துவிடுகிற பழக்கம் அவருக்கு இன்னும் போகவில்லை. அதனால் கிணற்றடியில் குளித்துத் தோல் நாற்றத்தைக் கழுவிவிட்டுத்தான் வீட்டுக்குள் வரலாம் என்பது உத்தரவு. அவர் ஆசையாக வாங்கி வரும் புடவைகளை இதை யார் கட்டுவது என்று கேட்டு சுகரா வேலைக்காரிக்குக் கொடுத்துவிடுவாள். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் அவர் கொண்டுவந்த எதையும் அவள் நன்றாக இருக்கிறது என்று சொன்னதில்லை.

"அவ்ளோ நல்ல வேலையா?" என்றார்.

"இந்த ஊர்ல இப்படி ஒரு வேல நான் பாத்ததே இல்ல."

"இன்னா சொன்னே? இன்னொரு தடவ சொல்லு."

சொன்னாள். மனுஷனுக்குக் காது மந்தமாகி வருகிறது என்று நினைத்துக்கொண்டாள்.

மறுநாள் அந்தப் பெண்கள் எல்லோரையும் வரவழைத்து, ஆளுக்கு ஒரு தோல் துண்டும் கத்தியும் கொடுத்து உட்காரவைத்தாள். நசீமுன்னிசாவின் மகள் விரலைச் சீவிக்கொண்டாள். மஹ்பூபியின் மகள் தோலில் ஓட்டை போட்டுவிட்டு அதுதான் பிறை என்றாள். அன்வரியின் பெண்கள், சீவியது நானில்லை அவள்தான் என்று ஒருத்தியை ஒருத்தி காட்டினார்கள்.

மாட்டிக்கொண்டவர்கள் வெட்கப்பட்டிருக்க வேண்டும். ஆனால் வாசல் தாண்டும்போது மஹ்பூபி திரும்பி நின்று, "மருமக எப்ப வர்றாக்கா?" என்று கேட்டாள். கூட வந்தவர்கள் முக்காட்டுக்குள் சிரித்தார்கள். வாழைப்பழத்துக்கு வட்டியும் முதலும் சேர்ந்து வந்துவிட்டது.

பெருநாளுக்கு முந்தின சாயங்காலம் சுகரா அடுப்படியில் உட்கார்ந்து அழுதாள். ஊரைக் கூட்டிச் சொன்ன சொல் போயிற்று, பிள்ளையின் கல்யாணம் தெருச் சிரிப்பாகிவிட்டது. இனி எந்த வீட்டில் போய்ப் பெண் கேட்பாள்? மக்பூல் அகமதுவுக்கு அதைப் பார்க்கப் பொறுக்கவில்லை. பக்கத்தில் வந்து உட்கார்ந்தார்.

"வேற எடத்துல பொண்ணு பாத்துக்கலாம், வுடு."

"பொண்ணு கெடக்கறா வுடுங்க. இத செஞ்சது யாருன்னு தெரிஞ்சா போதும் எனக்கு. அந்தக் கைய எடுத்துக் கண்ணுல ஒத்திக்குவேன்."

மக்பூல் அகமது தோள் துண்டில் வலது கையைத் துடைத்துக்கொண்டார். பிறகு அதை அவள் முகத்துக்கு நேரே நீட்டினார்.

"இந்தா, ஒத்திக்கோ."