தல்ஹீஸ்காரர்

“நீங்க கூரோ ஊர்க்காரரே இல்லையாம், சித்தப்பா!”

அர்தோ குடியேற்ற அலுவலகத்துக் கடிதத்தை மேசைமேல் போட்ட வேகத்தில் தேநீர் தட்டில் சிந்தியது. கோதன்பர்க் புறநகரில் சோமாலிகள் கூடும் அந்தச் சின்னக் கடையில் நாலு தலைகள் திரும்பின. பிறகு விட்ட இடத்திலிருந்து அரசியல் சண்டையைத் தொடர்ந்தன.

சுகுல்லே கடிதத்தைத் தொடவில்லை. ஜூபா ஆற்றங்கரையில், கூரோ கிராமத்துப் பள்ளிக்கூடத்தில் முப்பது வருடம் வாத்தியாராக இருந்தவர். ஊரை ஆயுதக் கும்பல் பிடித்த பிறகு தப்பி வந்து, அகதியாக ஏற்கச் சொல்லி மனுக் கொடுத்துவிட்டு இரண்டு குளிர்காலமாகக் காத்திருக்கிறார்.

“அப்ப நான் எந்த ஊராம்?”

“தல்ஹீஸ்.”

“அது வேற ஆறாச்சே! ஷெபெல்லேக் கரையில இல்ல இருக்கு?”

“அங்க இப்ப சண்டை இல்லையாம். அதனால உங்களை அங்கேயே அனுப்பிடுவாங்களாம். மூணு வாரம் டைம்.”

சுகுல்லே சிரிக்கப் பார்த்தார். வரவில்லை. “தல்ஹீஸ்ல போய் இறங்கினதும் என்ன கேப்பாங்க? யார் மகன் நீ, உன் வம்சத்தைச் சொல்லும்பாங்க. அஞ்சாவது தாத்தா பேரு வர்றதுக்குள்ள, வேத்து வம்சம்னு சுட்டுடுவாங்க. இது இவங்களுக்குத் தெரியாதா?”

“எனக்குத் தெரியும். நாலு பக்கம் எழுதிக் குடுத்தேன்.”

அர்தோ இங்கே பல்கலைக்கழகத்தில் சோமாலி மொழி சொல்லிக் கொடுக்கிறாள். ஆற்றங்கரை மக்களின் வழக்கங்களைப் பற்றி ஆராய்ந்து டாக்டர் பட்டமும் வாங்கியவள். அந்த நாலு பக்கத்துக்கு ஒரே வரியில் பதில் வந்திருந்தது: ‘எழுதியவரும் சோமாலி என்பதால் இதை நடுநிலையான கருத்தாக ஏற்க இயலாது.’

“பதினோரு வருஷமா இவங்க பிள்ளைங்களுக்குப் பாடம் எடுக்கறேன். அதுக்கு மட்டும் நான் சோமாலியா இருந்தா பரவாயில்லை!”

“சரி, ஆத்திரப்படாதே. நான் தல்ஹீஸ்காரன்னு எவன் சொன்னான்?”

“நீங்களேதான். உங்க ஊர்ல மட்டும் இருக்கற வழக்கம் ஒண்ணு சொல்லுங்கன்னு விசாரணையில கேட்டாங்களே, முதலை விஷயத்தைச் சொன்னீங்க இல்ல?”

கூரோவில் ஆற்றில் கால் வைக்குமுன் யாராக இருந்தாலும் அப்பா, தாத்தா, பாட்டன் என்று ஒன்பது தலைமுறைப் பெயரை உரக்கச் சொல்ல வேண்டும். யாரைத் தின்னப் போகிறோம் என்று தெரிந்தால் முதலை வெட்கப்பட்டு விலகிவிடுமாம். பத்தாவது பெயரை மட்டும் வாய்க்குள்ளேயே விழுங்கிவிடுவார்கள். அதைச் சொன்னால் முதலையும் பங்காளி ஆகிவிடும், பிறகு வீட்டுக்கே வந்துவிடும்.

“அது எங்க வழக்கம்தானே?”

“பேராசிரியர் எக்மார்க் புத்தகத்துல அது தல்ஹீஸ் வழக்கம், வேற எங்கேயும் கிடையாதுன்னு போட்டிருக்கு. ஒன்பது பேரு, பத்தாவதை விழுங்கறது, எல்லாமே நீங்க சொன்ன மாதிரி வரி பிசகாம இருக்கு. இவ்வளவு சரியாச் சொல்ற ஆளு தல்ஹீஸ்காரராத்தான் இருக்கணும்னு முடிவு கட்டிட்டாங்க.”

சுகுல்லே சர்க்கரை கலக்குவதை நிறுத்தினார்.

“எப்ப வந்த புத்தகம்?”

“தொண்ணூத்தி நாலு. நம்ம நாட்டைப் பத்தி இங்க யார் எழுதினாலும் அதைத் தொட்டுக் கும்பிட்டுட்டுத்தான் ஆரம்பிக்கணும். நானும் கும்பிட்டேன், என்ன செய்ய? நேத்து அவருக்கே போன் போட்டேன். ஆத்துப் பக்கம் அவர் போனதே இல்லையாம், சித்தப்பா! சண்டைக்குப் பயந்து நைரோபி ஓட்டல்ல உக்காந்துக்கிட்டு, யாரோ உள்ளூர் ஆளை அனுப்பி எழுதி வாங்கினாராம். அவன் பேரு ஞாபகம் இல்லையாம். நோட்டெல்லாம் வீடு மாத்தும்போது தொலைஞ்சு போச்சாம்.”

“அந்த ஆளே இப்ப வந்து, ஊரு பேரு தப்புன்னு சொன்னா?”

“வந்து? அவனும் சோமாலிதானே. என் பட்டத்தையே மதிக்காதவங்க அவன் வாய்ச்சொல்லையா மதிக்கப் போறாங்க? அவன்தான் அவன்னு முதல்ல யார் சாட்சி சொல்றது?”

சொல்லி முடித்த பிறகுதான், இனி எந்த வழியும் இல்லை என்பது அவளுக்கே உறைத்தது. இத்தனை படித்து என்ன? கண்ணெதிரே உட்கார்ந்திருக்கும் மனுஷனை அவர் சொந்த ஊர்க்காரர் என்று நிரூபிக்கக்கூட அது உதவவில்லை. எக்மார்க்கைத் திட்டித் திட்டி அலுத்துவிட்டது. கோபத்தை யார்மேலாவது இறக்கியாக வேண்டும்.

“அந்த உதவியாளன் மட்டும் என் கையில கிடைச்சான்னா! கூரோவுக்குப் போகச் சோம்பல்பட்டு, யாரோ சொன்னதைக் கேட்டுக்கிட்டு, வாயில வந்த ஊர்ப் பேரை எழுதி நீட்டியிருக்கான், கழுதை. நாசமாப் போக!”

“போயிட்டான்மா” என்றார் சுகுல்லே.

அர்தோ நிமிர்ந்து பார்த்தாள்.

“சோம்பல் எல்லாம் இல்லை. நைரோபி போற வழியில பதினாலு இடத்துல துப்பாக்கியோட மறிச்சாங்க. நோட்டைப் பிரிச்சுப் படிச்சா, எங்க ஊர்ல யார் எந்த வம்சம்னு தெரிஞ்சு அன்னைக்கே போய் எரிச்சிருப்பாங்க. அதனாலதான் ஒவ்வொரு பக்கத்துலயும் கூரோவை அடிச்சுட்டு தல்ஹீஸ்னு எழுதினேன். பேராசிரியர்கிட்ட நேர்ல சொல்லித் திருத்திக்கலாம்னு போனா, ஓட்டல் வாசல்லயே நோட்டை வாங்கிக்கிட்டு என்னைத் திருப்பி அனுப்பிட்டாங்க.”