எண்ணெய் இல்லாத படை

அவளுடைய டாங்கிகள் ஒவ்வொன்றின் தலைமேலும் ஒரு சிவப்புத் துளி தோன்றியிருந்தது.

திரைக்கு அருகே குனிந்தாள். எண்ணெய் இருப்பு: பூஜ்யம்.

எண்ணெய் தீர்ந்தாலும் டாங்கிகள் நகரும். ஆனால் பாதி பலத்தோடுதான் போரிடும். அடிபட்டால் ஆறாது. நகருக்குள் எத்தனை முறை ஓய்வு கொடுத்தாலும் ஆறாது. அந்த விளையாட்டின் விதி அது.

எழுந்தாள். அடுப்பின் தீயைக் குறைத்தாள். மறுபடியும் வந்து அமர்ந்தாள்.

வடக்கிலிருந்து, கணினியே நடத்தும் பகைப்படை கறுப்புக் கொடியோடு இறங்கிக்கொண்டிருந்தது. இடையில் ஒரு கணவாய். அதைத் தாண்டினால் அவளுடைய தலைநகர். தலைநகர் விழுந்தால் ஆட்டம் முடிந்துவிடும்.

ஆட்டம் முடிந்தால், அண்ணனோடு மிச்சமிருக்கும் ஒன்றும் முடிந்துவிடும்.

மகளின் காதுகுத்துக்கு அவர் வரவில்லை. தாய்மாமன் மடியில் உட்கார வேண்டிய குழந்தையை, கணவரின் சித்தப்பா மடியில் வைத்துக் காது குத்தினார்கள். மறுநாள் புனேயிலிருந்து அண்ணன் அழைத்தார். அவள் எடுக்கவில்லை. பிறகு அவரும் அழைக்கவில்லை.

ஆயினும், முன்பே சேர்ந்து தொடங்கியிருந்த இந்த ஆட்டத்தை இருவருமே நிறுத்தவில்லை. காலையில் புனேயிலிருந்து அவர் தம் படைகளை நகர்த்துவார். மதியம் ராஜபாளையத்திலிருந்து அவள்.

ஒரு சொல் கிடையாது.

அவளுடைய நாட்டில் எண்ணெய்க் கிணறு இல்லை. அண்ணனின் நாட்டிலிருந்து, உடன்படிக்கைப்படி, நேற்றுவரை எண்ணெய் வந்துகொண்டிருந்தது.

இன்று வரவில்லை.

பின்னால் வந்து நின்ற கணவர் திரையை எட்டிப் பார்த்துச் சிரித்தார்.

“மடி குடுக்காத மனுசன் எண்ணெய மட்டும் குடுப்பாராக்கும்?”

மேசைக்கு அடியில் அவள் கால் ஆடிக்கொண்டே இருந்தது.

கணவாயின் வாயில், தன் படை எட்டாத இடங்களை விளையாட்டு மறைத்துவைக்கும் மூட்டத்துக்குள், நீல நிறத்தில் ஏதோ மங்கலாகத் தெரிந்தது. நீலம் அண்ணனின் நிறம்.

எண்ணெயையும் நிறுத்திவிட்டு, படையையும் கொண்டுவந்து நிறுத்தியிருக்கிறார் என்றால்?

அவள் தன் டாங்கிகளை நீலத்தின் பக்கம் திருப்பினாள். தாக்குக என்ற பொத்தானின்மேல் சுட்டியை வைத்தாள்.

எடுத்தாள்.

மீண்டும் வைத்தாள்.

நாட்டின் ஒரு மூலையில், ஆட்டத்தின் தொடக்கக் காலத்துக் குதிரைவீரன் ஒருவன் கலைக்கப்படாமல் உறங்கிக்கொண்டிருந்தான். குதிரைக்கு எண்ணெய் தேவையில்லை. அவனை எழுப்பி, கணவாய்க்கு அனுப்பினாள்.

மூட்டம் விலகியது.

அண்ணனின் டாங்கிகள்தாம். வரிசையாக நின்றன.

அவளுக்கு முதுகைக் காட்டி, வடக்கைப் பார்த்து.

ஒவ்வொன்றின் தலைமேலும் சிவப்புத் துளி.

ஒன்றில் உயிர்க்கோடு பாதியாக இருந்தது. ஒன்றில் கால்வாசி. கடைசியாக நின்றதில் நூலிழை அளவு. ஒரே நாளில் பட்டுவிடக்கூடிய காயங்கள் அல்ல அவை. பட்டு, ஆறாமல், அதன்மேல் மறுபடியும் பட்டவை.

கணவாய்க்கு அப்பால் ஓர் எண்ணெய்க் கிணறு. அதன்மேல் புதிதாக நட்ட கறுப்புக் கொடி.

நீல நாடு முழுவதிலும் வேறு கிணறு தேடினாள்.

இல்லை.

இருந்த ஒன்றில் ஊறியதெல்லாம் இத்தனை நாளும் எங்கே போயிற்று என்று அவள் யாரையும் கேட்க வேண்டியிருக்கவில்லை.

அடுக்களையில் குக்கர் கூவியது. கணவர் ஏதோ சொன்னார். அவள் காதில் விழவில்லை.

தலைநகரைக் காலி செய்து, டாங்கிகளை ஒவ்வொன்றாகக் கணவாய்க்கு நகர்த்தினாள். நீலத்தை ஒட்டி, அதே வடக்கைப் பார்த்து நிறுத்தினாள்.

திரையின் அடியில், செய்தி எழுதுவதற்கான கட்டம், காதுகுத்து நாளிலிருந்து வெறுமையாகவே கிடந்தது.

‘அண்ணே, எண்ணெய்’ என்று எழுதினாள்.

அழித்தாள்.

‘அண்ணே, எப்ப இருந்து இப்படி?’